அமைதியான பிள்ளை வேஷம்

பேச்சுக்குப் பதில் பேச்சு வர வேண்டும் என்ற பேராசை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. சிலருக்கு உத்தியோகத்தால் வரும். அறிவிப்பக்காவுக்கு வந்தது உத்தியோகத்தால்.

பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும் ஒரு மின்விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது, எது வரவே போவதில்லை என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் அவள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடன் படித்த சின்னஞ்சிறுசுகள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது இதனால்தான். பெற்றோர் வைத்த பெயர் அதோடு ஓய்வு பெற்றது.

கீழே மூட்டை முடிச்சோடு நிற்கிற அத்தனை பேரும் அண்ணாந்து கேட்பார்கள். ஒருவரும் பதில் சொன்னதில்லை. இல்லை, அப்படிச் சொல்வது ஜனங்களுக்கு இழைக்கும் அநியாயம். கண்ணாடிக்கு வெளியே வாய்கள் அசைவதை அவளே பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் வசவு என்பது உதட்டைப் பார்த்தாலே விளங்கும். சத்தம்தான் உள்ளே வராது.

வண்டி எங்கே சிக்கிக்கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாத நாட்களில் "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லிவைக்கும்படி மேலாளர் உத்தரவு. அவளும் சொல்வாள். அவளே நம்பாததை ஊர் நம்பிற்று. இறக்கிய மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு நடைமேடையில் வரிசை கட்டிற்று. ஏன் நம்புகிறார்கள் என்று அவள் நிறைய யோசித்திருக்கிறாள். திருப்பிக் கேட்க வழியே இல்லாத குரலை நம்புவதைத் தவிர வேறென்ன செய்வது என்பதுதான் அவளுக்குக் கிடைத்த விடை. கல்வியைப் பற்றி அவள் பிற்காலத்தில் யோசித்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. கல்வியியல் அறிஞர்கள் யாரும் பேருந்து நிலையத்து மாடி ஏறிப் பார்க்காததால் இந்த உண்மை இதுவரை வெளிவரவில்லை.

ஒரு நாள் இரண்டு பேர் ஒரு பெட்டியோடு வந்தார்கள். எல்லா ஊர்ப் பெயரையும் நிதானமாக ஒரு தடவை சொல்லுங்கள் மேடம், எண்களையும் சொல்லுங்கள், கடைசியில் 'பொறுமை காத்தமைக்கு நன்றி' என்று கொஞ்சம் கனிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் வாழ்நாளிலேயே மிக அழகாக அவள் சொன்னாள். அடுத்த மாதம் கணினி அந்த வேலையைப் பார்த்தது. அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, கைதட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குரலுக்கு வேலை நிரந்தரமாயிற்று, தொண்டைக்குத்தான் போயிற்று.

ஆசிரியை ஆகப் போவதாக அவள் வீட்டில் சொன்னபோது கணவர் கண்ணாடிக்கு வில்லை பொருத்திக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவசர வேலையை வீட்டுக்கும் தூக்கிவருகிறவர். தலை நிமிராமலே, இத்தனை நாளாகப் பதிலே வராத இடத்தில் பேசினாய், இனிமேல் தப்பான பதில் வரும் இடத்தில் பேசப் போகிறாய், முன்னேற்றம்தான் என்றார். பிறகு வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஆசிரியர் பணிக்கு வயது வரம்பு இருக்கிறதே, கணக்குப் பார்த்தாயா? அவள் பார்த்திருந்தாள். முதல் தடவையிலேயே தேறினால் கடைசிப் படிக்கட்டில் தொற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை தவறினால் வண்டி போய்விடும், இன்னும் சற்று நேரத்தில் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

இப்படியாக அவள் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள்.

அங்கே 'நம்பிக்கையும் கலந்துரையாடலும்' என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்திய விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஏழுபயன் சார். உலகத்தில் எதை எடுத்தாலும் அதற்கு ஏழு பயன்கள் உண்டு என்பது அவர் கொள்கை. கரும்பலகைக்கு ஏழு, கேள்விக்கு ஏழு, மௌனத்துக்கும் ஏழு. கலந்துரையாடலின் ஏழு பயன்களை அவர் வரிவரியாகச் சொல்ல, முப்பது நாற்பது பேர் தலை கவிழ்ந்து எழுதுவார்கள். பேனா ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. ஒரு பையன் ஒருமுறை கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டான். கேள்விகள் எல்லாம் கடைசியில் என்று சார் கனிவாகச் சொன்னார். கடைசி என்பது அந்த வருஷம் வரவில்லை.

கலந்துரையாட வட்டமாக உட்கார வேண்டும் என்பது பாடத்தின் முதல் விதி. வகுப்பறை பெஞ்சுகளோ தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டவை. ஆகவே சார் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றிப் புள்ளிகள் வைத்து, நாம் இப்படி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம் என்பார். எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்வதில் அந்தக் கல்லூரியை மிஞ்ச ஆள் கிடையாது.

வாரம் ஒருமுறை சிந்தனை நேரம். வருங்கால ஆசிரியர்கள் எழுந்து நின்று தாங்கள் சிந்தித்ததைச் சொல்ல வேண்டும். மாணவரின் நம்பிக்கையைப் பெறுவது முக்கியம் என்று உணர்ந்தேன் என்று முதல் பெஞ்ச் சிந்திக்கும். தானும் அவ்வாறே உணர்ந்ததாக இரண்டாம் பெஞ்ச் சிந்திக்கும். அறிவிப்பக்காவின் முறை வந்தபோது அவள் கண்ணாடி அறையைப் பற்றிச் சொன்னாள். திருப்பிக் கேட்க முடியாத குரலை ஜனங்கள் நம்பியது நம்பிக்கையே இல்லை, வேறு வழியில்லாமைதான். வகுப்பிலும் நாம் வாங்குவது பெரும்பாலும் அதுதானோ என்று தோன்றுகிறது சார் என்றாள்.

ஏழுபயன் சார் தம் நோட்ஸைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நோட்ஸ்ல இல்லையேம்மா" என்றார்.

பிறகு செய்முறைப் பயிற்சி. கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி. அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவு, பயிற்சி மாணவர்கள் பழகுவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. முடிதிருத்தக் கற்றுக்கொள்கிறவனுக்கு யாராவது தலையைக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதுபோல. ஆள் மாற்றி ஆளிடம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு அந்தப் பிள்ளைகள் தொழில் நுணுக்கம் எல்லாம் அறிந்திருந்தார்கள். இவள் முதல் நாள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது நடு பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, டீச்சர், இந்த இடத்தில் நீங்கள் எங்களை ஊக்கப்படுத்த வேண்டும், மறந்துவிட்டீர்கள் என்று மரியாதையாக நினைவூட்டினான்.

வகுப்பாசிரியைக்குப் பெரிய டீச்சர் என்று பெயர். மூட்டு வலிக்காரி, நல்ல மனசுக்காரி. கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, பயிற்சிக்கு வருகிறவர்களைக் கரைசேர்ப்பதையே கடமையாக வைத்திருந்தவர். கரைசேர்ப்பதற்கு அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அதைக் கண்டுபிடித்த பெருமைக்கு அவருக்கு ஒரு பட்டமே கொடுத்திருக்கலாம்.

இறுதித் தேர்வில் ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் வெளித் தேர்வாளர் முன்னிலையில் கலந்துரையாடல் பாடம் ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். கலந்துரையாடலோ காற்று மாதிரி. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பிழைப்பைக் காற்றை நம்பி விடலாமா? ஆகவே பெரிய டீச்சர் வகுப்பில் பதவிகள் வகுத்திருந்தார். எதிர்க்கருத்து சொல்ல ஒருவன். அவனுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்டு முதலில் தலையாட்டிவிட்டு, பிறகு ஆசிரியரின் ஒரு சொல்லில் மனம் மாறுகிறவன் திருந்துகிறவன். சந்தேகம் கேட்க இருவர். இவர்கள் எட்டு முடித்துப் போகும்போது ஏழிலிருந்து வருகிற தகுதியான பிள்ளைகளுக்குப் பதவி கைமாறும். எதிர்க்கட்சி பதவிக்குப் போட்டி பலமாக இருக்கும் என்று கேள்வி.

எல்லாவற்றிலும் உயர்ந்த பதவி, அமைதியான பிள்ளை. பாடம் முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடிகிற நேரத்தில் ஆசிரியர் அதைக் கண்டுகொண்டு அருகே போய், நீ ஏன் பேசாமல் இருக்கிறாய், பயப்படாமல் சொல் என்று கேட்க வேண்டும். பிள்ளை மெல்ல எழுந்து, தயங்கி, எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது டீச்சர் என்று தொடங்க வேண்டும். தேர்வாளர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். மதிப்பெண் அங்கேதான் ஊற்றெடுக்கிறது.

இந்தப் பதவியை அப்போது வகித்தவள் ரேடியோ. பள்ளியிலேயே வாய் ஓயாத பெண். தூக்கத்திலும் பேசுவாள் என்று அவள் அம்மாவே வந்து புகார் சொன்னதுண்டு. அமைதிக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த விவேகம் இருந்தது. நிஜமாகவே அமைதியான பிள்ளையை அந்த இடத்தில் உட்காரவைத்தால், கேட்கும்போது அது பேசாமலே இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

நிஜமாகவே அமைதியான பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்தது. கடைசி பெஞ்ச், சுவரோரம். மூலை என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். தேர்வு நாட்களில் அவளை நூலகத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஒரே வகுப்பில் இரண்டு அமைதியான பிள்ளைகள் இருந்தால் தேர்வாளருக்குக் குழப்பம் வரும் என்பது பெரிய டீச்சரின் அனுபவம்.

அறிவிப்பக்கா இந்த ஏற்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, தான் பதவிகள் இல்லாமலே நடத்திப் பார்ப்பதாகச் சொன்னாள். பெரிய டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. போன வருஷமும் ஒரு பையன் இப்படித்தான் கிளம்பினான் என்றார். நிஜமாக ஒரு கேள்வி கேட்டான். பிள்ளைகளும் நிஜமாக யோசித்தார்கள். யோசிப்பது வெளியே தெரியாதே அம்மா, தேர்வாளர் 'வகுப்பில் செயலின்மை' என்று எழுதிவிட்டுப் போனார். இப்போது அந்தப் பையன் காப்பீடு விற்கிறான். என்னிடம்கூட ஒன்று விற்றான், பாவம்.

ஆனாலும் அவள் தொடங்கினாள். மதிய மணியை யார் அடிப்பது என்பதுபோல ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தை முதலில் எடுத்தாள். வகுப்பு அவளை ஏற இறங்கப் பார்த்தது. எதிர்க்கட்சி எழுந்தான்.

"டீச்சர், இது ஒத்திகையா, நிஜமா?"

"நிஜம்தான்."

"நிஜம்னா நாங்க என்ன பண்ணணும் டீச்சர்?"

நியாயமான கேள்வி. அதற்கு நோட்ஸில் பதில் இல்லை. அவள் பேசாமல் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குச் சாமானியமான காரியம் இல்லை. ஒலிபெருக்கி சும்மா இருந்தால் உடனே எதையாவது சொல்லி நிரப்பிப் பழகிய நாக்கு. அதைப் பல்லால் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் வாரம் முழுக்க வகுப்பில் ஈ பறந்தது. இரண்டாம் வாரம் எதிர்க்கட்சி தலையைச் சொறிந்துகொண்டு, நிஜமாகச் சொல்ல வேண்டும் என்றால் எனக்கு எதிர்ப்பே கிடையாது டீச்சர், எனக்கு எல்லாரும் சொல்வது சரியாகவே படுகிறது என்றான். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஏதோ ஒரு திருகாணி கழன்றது. திருந்துகிறவன், தான் இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் திருந்தியதில்லை என்று அறிவித்தான். ரேடியோ பேச ஆரம்பித்தாள். நிறுத்துவதற்கு மணி அடிக்க வேண்டியிருந்தது. சண்டை வந்தது. ஒரு வாரம் பாடமே நடக்கவில்லை. பெரிய டீச்சர் காலை முக்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது தேர்வுக்கு ஆகாது என்று பின்னால் தனியாகச் சொன்னார்.

வீட்டில் அவள் இதையெல்லாம் கை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். கணவர் வில்லையைத் துடைத்தபடி கேட்பார். இப்போதெல்லாம் நீ பேச நடுவில் இடம் விடுகிறாய், எனக்கும் இரண்டு வார்த்தை சொல்லக் கிடைக்கிறது, படிப்பின் பயன் தெரிகிறது என்றார். அது எட்டாவது பயன் என்று அவள் சொன்னாள். சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அதிகம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூலை மட்டும் பேசவில்லை. ஆனால் கேட்டாள். கேட்பதில் பல தினுசு உண்டு. இவள் கேட்டது, யாராவது பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுகிறவள் கேட்பதுபோல இருந்தது. அறிவிப்பக்கா அவளை வற்புறுத்தவில்லை. ஒரு நாள் வகுப்பு கலைந்த பிறகு மூலை பையை மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"உங்க தேர்வன்னிக்கு நான் எங்க டீச்சர் போகணும்? மாடிப்படிக்கா?"

"மாடிப்படியா? நூலகத்துக்குன்னுதானே சொன்னாங்க?"

"அது பூட்டியிருக்கும் டீச்சர். நான் படியில உக்காந்துப்பேன். பெரிய டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் கால் வலியோட சாவி தேடுவாங்க."

அறிவிப்பக்கா இளகிப்போனாள். இளகிப்போகும்போது மனிதர்கள் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் இதைத் தடை செய்யாதது பெரிய குறை. இந்தத் தடவை நீ எங்கேயும் போக வேண்டாம், வகுப்பிலேயே இரு என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீ கை தூக்கினா உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவேன். யார் இருந்தாலும் சரி. நம்பலாம்" என்றாள்.

மூலை அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். கண்ணாடி அறையிலிருந்து ஊருக்கே அறிவித்தவளுக்கு, ஒரே ஒரு ஆள் நம்பினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கனமாக இருந்தது.

தேர்வு நாள் வந்தது. கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகள் போட்டு வெளித் தேர்வாளரும் ஏழுபயன் சாரும் உட்கார்ந்தார்கள். தேர்வாளர் ஒரு அம்மாள்; மெலிந்த தேகம், முடி முழுதும் நரை, மடியில் அட்டை, அதன்மேல் காகிதம். அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மூலையின் பெஞ்ச். பெரிய டீச்சர் நுழைந்ததும் மூலையைப் பார்த்தார், அறிவிப்பக்காவைப் பார்த்தார், போய் உட்கார்ந்துகொண்டார். பதவிகள் வேண்டாம், தோன்றுவதைச் சொல்லுங்கள் என்று முந்தின நாளே வகுப்பிடம் சொல்லியாயிற்று.

தலைப்பு தேர்வாளரே கொடுத்தது: பெரியவர்கள் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டுமா?

அறிவிப்பக்கா அதைக் கரும்பலகையில் எழுதினாள். திரும்பி நின்று கேட்டாள். பிள்ளைகள் யோசித்தார்கள்.

நல்ல கேள்வி, யோசிக்க வேண்டிய கேள்வி. அதுதான் வினை. மௌனம் நீண்டது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஏழுபயன் சார் தொண்டையைச் செருமினார். தேர்வாளரின் பேனா குனிந்து, காகிதத்தின் மேல் வட்டமிட்டு, எதையோ எழுதத் தயாராக நின்றது. இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இதே பிள்ளைகள் இதே அறையில் இதைவிட நீண்ட மௌனத்திலிருந்து பேசி வெளியே வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் பின்னால் பேனா இருந்ததில்லை. செயலின்மை என்ற சொல் அவளுக்குக் காகிதத்தைப் பார்க்காமலே தெரிந்தது. உள்ளங்கை வியர்த்துச் சுண்ணக்கட்டி குழைந்தது.

பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இத்தனை வாரம் அவள் அவர்களை உற்றுப் பார்த்தாள் என்றால், அவர்கள் மட்டும் அவளைப் பார்க்காமலா இருந்தார்கள்? வயது வரம்பு விவகாரம்கூட அவர்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சி பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பிறகு ஒரு பெருமூச்சோடு எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன்" என்றான்.

இயந்திரம் கிளம்பிவிட்டது. சந்தேகம் கேட்கிறவர்கள் இருவரும் சந்தேகம் கேட்டார்கள். திருந்துகிறவன் தலையாட்டினான், குழம்பினான், அறிவிப்பக்கா ஏதோ ஒரு வார்த்தை சொல்ல, இப்போதுதான் எனக்குத் தெளிவாகிறது டீச்சர் என்று கண்கள் விரிய அறிவித்தான். எல்லோரும் அன்று தங்கள் ஆயுளிலேயே மிகச் சிறப்பாக நடித்தார்கள். எந்தப் பயிற்சி ஆசிரியருக்கும் அவர்கள் அப்படிச் செய்ததில்லை. அவள்மேல் பிரியம் வைத்துவிட்டார்கள். பிரியத்தைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவள் வார வாரமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கை முழுவதையும் அவளைக் காப்பாற்ற அவர்கள் ஒரே மணி நேரத்தில் செலவழித்துத் தீர்த்தார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூழ்குகிறவள் கயிற்றின் தரத்தையா பார்ப்பாள்?

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். முடி முன்னால் விழ, விரலால் மேஜையைக் கீறிக்கொண்டு, உலகத்துச் சோகம் எல்லாம் தோளில் ஏற, அமைதியான பிள்ளை ஆனாள்.

அதே நேரத்தில் கடைசி பெஞ்சில், தேர்வாளரின் முழங்கைக்கு அருகே, ஒரு கை எழுந்தது.

முழுசாக எழவில்லை. முழங்கை மேஜையிலேயே ஊன்றியிருந்தது. விரல்கள் காது உயரத்தில் நின்றன. ஆனால் கைதான். மூலையின் கண் நேராக அவளைப் பார்த்தது. தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்தார், பக்கத்தில் பார்க்கவில்லை. பெரிய டீச்சர் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்தவள் அந்த அறையில் அறிவிப்பக்கா ஒருத்திதான்.

அவளுக்கு என்னவெல்லாம் தோன்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவளே பிறகு பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டதுதான். இந்தப் பெண் ஒரு வாக்கியம் முடிக்க நேரம் எடுக்கும். தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கும். மணி அடிக்கப் போகிறது. என்ன சொல்லும்? தலைப்போ பெரியவர்கள் சொல்வதை நம்பலாமா என்பது. பூட்டிய நூலகத்தையே சொல்லலாம். மாடிப்படியைச் சொல்லலாம். அல்லது எழுந்து நின்று ஒன்றுமே சொல்லாமல் போகலாம். பேனாவோ அழகாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிஷம்தானே, பாடம் முடிந்ததும் தனியாக உட்கார்த்திவைத்து முழுசாகக் கேட்டுவிடலாமே. கேள்விகள் எல்லாம் கடைசியில்.

அவள் ரேடியோவின் பக்கம் நடந்தாள்.

"நீ ஏம்மா ஒண்ணும் பேசாம இருக்க? பயப்படாம சொல்லு" என்றாள். பேருந்து நிலையமே உருகிய குரல் அது; கனிவுக்குக் கேட்கவா வேண்டும்.

ரேடியோ எழுந்தாள், தயங்கினாள், தொடங்கினாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழுபயன் சாருக்குக்கூடக் கண் கலங்கிற்று. அதற்கும் ஏழு காரணங்கள் இருந்திருக்கும். அறிவிப்பக்கா ஓரக்கண்ணால் கடைசி பெஞ்சைப் பார்த்தபோது கை இறங்கியிருந்தது.

மௌனமாக இருக்கும் மாணவரை இனங்கண்டு ஊக்குவித்தல் என்ற தலைப்பில் முழு மதிப்பெண். வகுப்பறையில் நிலவிய பரஸ்பர நம்பிக்கை வியக்கத்தக்கது என்று தேர்வாளர் எழுதியதாக ஏழுபயன் சார் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைப் பற்றி அவள் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். அவர்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகச் சொன்னால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டார். பெரிய டீச்சர் அவள் கையைப் பிடித்து, பயந்தே போனேன், கரையேறிவிட்டாய் என்றார். பிள்ளைகள் சுற்றி நின்று குதித்தார்கள். எதிர்க்கட்சி தன் நடிப்பு எப்படி என்று கேட்டான்.

கூட்டம் விலகியபோது மூலை பையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. டீச்சர் தேறிவிட்டதில் மற்றவர்களைப்போலவே சந்தோஷமாகத்தான் இருந்தாள். அறிவிப்பக்கா பக்கத்தில் போனாள். இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். ஆனால் நேர்மை என்பது சிலரைக் காரியம் கெட்ட பிறகுதான் வந்து பிடிக்கிறது.

"நீ கை தூக்கினதைப் பார்த்தேன்டா" என்றாள். "அப்ப கூப்பிட முடியல. இப்ப சொல்லு. என்ன சொல்ல வந்த?"

பை வாரை மாட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"பார்த்தீங்களா டீச்சர்?"

"ம்."

"நீங்க பார்க்கலைன்னு நெனச்சேன்" என்றாள் மூலை. "நான் சரியா தூக்கல, அதான் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்ன சொல்ல வந்தாய் என்று அறிவிப்பக்கா மறுபடியும் கேட்டாள். மூலை யோசித்தாள். அவளுக்கு நேரமாகும் அல்லவா, நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "அது இப்ப வேணாம் டீச்சர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பயிற்சிக்காலம் முடிய இன்னும் சில நாட்கள் மிச்சம் இருந்தன. மறுநாள் காலையில் அறிவிப்பக்கா பாடம் எடுத்தாள். ஆறுகள் ஏன் நேராக ஓடாமல் வளைந்து ஓடுகின்றன என்று கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்த்து, நீ சொல்லேன் என்றாள். மூலை எழுந்தாள். தயங்கவில்லை. தொடங்கிப் பாதியில் விடவில்லை. பாடப்புத்தகத்தில் இருந்த மூன்று வரியை, ஒரு எழுத்துப் பிசகாமல், தெளிவான குரலில், கரும்பலகைக்குக் கொஞ்சம் மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

வகுப்பு வழக்கப்படி கைதட்டியது. பெரிய டீச்சர் பின்னாலிருந்து பூரித்துப்போய், "பாத்தீங்களா? எப்படித் தேறிட்டா பாருங்க. எல்லாம் உங்க கைராசிதான்" என்றார்.

சரியான விடை வந்தால் ஆசிரியர் பாராட்ட வேண்டும் என்பது விதி. நடு பெஞ்சுப் பையன் நினைவூட்ட வாயெடுப்பது தெரிந்தது. "மிக நன்று" என்றாள் அறிவிப்பக்கா.

மூலை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.